நடுவானில் மோதிய ராணுவ விமானங்கள்: பழைய விபத்தொன்றைத் துருவுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குடும்பப் பெட்டியில் ஒரு பழைய தந்தி. அல்லது வயலோரத்தில் ஏழெட்டுப் பெயர்கள் பொறித்த ஒரு கல். "விமானங்கள் மோதியதில் உயிரிழந்தார்" என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. இந்தத் தேடலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். இரண்டாம் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ், காமன்வெல்த், அமெரிக்க விமானங்களைப் பற்றியவையே அதிகம். காகிதங்கள் மிகுதியாக எஞ்சியிருப்பது அங்கேதான்.

சாதாரண விபத்தைத் தேடுவதற்கும் மோதலைத் தேடுவதற்கும் என்ன வேறுபாடு?

மோதலில் எல்லாமே இரண்டு. இரண்டு விமானங்கள், இரண்டு குழுக்கள், பல வேளைகளில் இரண்டு படைப்பிரிவுகள், இரண்டு விமானதளங்கள். ஆகவே இரண்டு கோப்புகள். ஒன்றை எழுதியவர் மற்றதைப் பார்த்திருக்கவே மாட்டார். ஒன்றில் இருக்கும் நேரம் மற்றதில் இருக்காது. ஒன்றில் "மேலே பறந்த விமானம்" என்று சொல்லப்படுவது மற்றதில் கீழே பறக்கும்.

புதிதாகத் தேடுவோர் தங்களுக்கு வேண்டியவர் இருந்த விமானத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போவார்கள். நானும் முதலில் அப்படித்தான் மாதக்கணக்கில் ஒரே படைப்பிரிவின் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் மோதல் நடந்த இடம்கூட இல்லை. மற்ற விமானம் கிளம்பிய தளத்தின் பதிவேட்டில் இடம், உயரம், மேகத்தின் நிலை எல்லாம் அரைப் பக்கத்துக்கு எழுதப்பட்டிருந்தன. அன்றிலிருந்து, மற்ற விமானம் எது என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி.

கையில் ஒரு பெயர் மட்டும்தான் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

காமன்வெல்த் நாட்டவர் என்றால் போர்க் கல்லறை ஆணையத்தின் தரவுத்தளத்தில் தொடங்குங்கள். 1917-இல் தொடங்கப்பட்ட இந்த ஆணையம் இரண்டு உலகப்போர்களிலும் இறந்த 17 லட்சம் பேரின் நினைவைப் பராமரிக்கிறது. பெயர், பணி எண், படைப்பிரிவு, இறந்த நாள், கல்லறை அல்லது நினைவுச்சுவர் ஆகிய விவரங்கள் அங்கே கிடைக்கும்.

அடுத்த வேலையைப் பலரும் செய்வதில்லை. அந்த நாளையே வைத்துக்கொண்டு, அதே கல்லறைத்தோட்டத்தில் அன்று இறந்த மற்ற விமானப்படையினர் யார் யார் என்று தேடுங்கள். ஐந்து பேர் போக வேண்டிய விமானத்துக்குப் பத்துப் பெயர்கள் வந்தால், அதிலும் இரண்டு வெவ்வேறு படைப்பிரிவுகள் தென்பட்டால், மற்ற விமானம் அகப்பட்டுவிட்டது என்றே நினைக்கலாம்.

விமானத்தின் தொடரெண் ஏன் அவ்வளவு முக்கியம்?

படைப்பிரிவு மாறும், விமானி மாறுவார், உடலில் தீட்டிய குறியெழுத்தும் மாறும். தொடரெண் மட்டும் மாறாது. பிரிட்டிஷ் விமானப்படையில் முதலில் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும், 1940 முதல் இரண்டு எழுத்துகளும் மூன்று இலக்கங்களும் வழங்கின. எதிரி எண்ணிக்கையைக் கணக்கிட்டுவிடக் கூடாது என்பதற்காக இடையிடையே வேண்டுமென்றே எண்களை விட்டுவிட்டார்கள். ஆகவே வரிசையில் ஓட்டை இருந்தால் ஏதோ ஆவணம் தொலைந்துவிட்டது என்று பதற வேண்டாம்.

அமெரிக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் விமானம் வாங்க நிதி ஒதுக்கிய ஆண்டைக் குறிக்கும். வாலில் எழுதும்போது ஆண்டின் முதல் இலக்கத்தை விட்டுவிடுவார்கள். 42-இல் தொடங்கும் எண் வாலில் 2-இல் தொடங்கும். நேரில் பார்த்த ஒருவர் வாலில் இருந்ததைக் குறித்து வைத்திருந்தால், முன்னால் ஒரு 4 சேர்த்துத் தேடிப் பாருங்கள்.

குறியெழுத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒரு விமானம் அழிந்ததும் அதே எழுத்து அடுத்து வரும் விமானத்துக்குப் போய்விடும். ஒரே ஆண்டில் மூன்று விமானங்கள் ஒரே எழுத்தைச் சுமந்திருக்கும்.

பிரிட்டிஷ் விமானப்படைக்கு எந்தக் காகிதங்களைப் பார்க்க வேண்டும்?

முதலில் படிவம் 1180. விபத்துக்குள்ளான ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் அட்டை. விமானம், விமானி, இடம், நேரம், சுருக்கமாகக் காரணம். கையெழுத்து பொடியாக இருக்கும், சுருக்கெழுத்துகள் நிறைந்திருக்கும், ஓரத்தில் யாரோ ஒரு மேலதிகாரி கோபத்தோடு ஒரு வரி கிறுக்கியிருப்பார். லண்டன் ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகம் இவற்றைப் பாதுகாக்கிறது. எதிரி சுட்டு வீழ்த்தியவை பொதுவாக இதில் வராது. பயிற்சியிலும் தளத்துக்கு அருகிலும் நடந்த மோதல்கள் வரும். மோதல் என்றால் இரண்டு அட்டைகள் இருக்க வேண்டும். இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

படிவம் 78 விமானத்தின் ஜாதகம். எந்த நாளில் எந்தப் பிரிவுக்குப் போனது, எப்போது கணக்கிலிருந்து நீக்கப்பட்டது என்பது அதில் இருக்கும்.

லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் 'ஏர் 27' என்ற வரிசையில் படைப்பிரிவுகளின் (ஸ்குவாட்ரன்) செயல்பாட்டுப் பதிவேடுகளும், 'ஏர் 28'-இல் விமானதளங்களின் பதிவேடுகளும், 'ஏர் 29'-இல் பயிற்சிப் பிரிவுகள் உள்ளிட்ட மற்றவையும் இருக்கின்றன. மூன்றாவதை மறந்துவிடாதீர்கள். பிரிட்டனின் ஒட்டுமொத்தக் குண்டுவீச்சுப் படையின் (பாம்பர் கமாண்ட்) 55,573 உயிரிழப்புகளில் 8 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை விபத்துகளால் நேர்ந்தவை. அவற்றில் பெரும்பங்கு பயிற்சிப் பிரிவுகளைச் சேர்ந்தது. 'ஏர் 81' என்ற வரிசையில் உயிரிழப்புக் கோப்புகள் படிப்படியாகத் திறக்கப்பட்டு வருகின்றன. உங்களுடைய நாள் அதில் திறந்திருந்தால் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அதை முதலில் பாருங்கள். தந்தி, பெற்றோரின் கடிதம், போருக்குப் பின் கல்லறையைத் தேடிப் போனவர்களின் அறிக்கை என்று எல்லாம் ஒரே கட்டில் இருக்கும்.

பதிவேட்டைத் திறந்தேன். அன்றைய தேதிக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அவ்வளவுதானா?

சில வேளைகளில் அவ்வளவுதான். அந்தப் பதிவேட்டில் படிவம் 540 என்பது அன்றாட நிகழ்வுகளின் சுருக்கம். 541 ஒவ்வொரு பறப்பின் விவரம். முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவோர் அதிகம். பயிற்சிப் பிரிவுகளில் 541-ஐ எழுதும் வழக்கமே பெரும்பாலும் இருக்கவில்லை. அங்கே ஓர் அலுவலர், வேறு நூறு வேலைகளுக்கு நடுவே மாதக் கடைசியில் உட்கார்ந்து, முப்பது நாட்களையும் ஒரே மூச்சில் எழுதியிருப்பார். மழை பெய்தது, கிரிக்கெட் போட்டியில் வென்றோம், இரண்டு விமானங்கள் மோதின, எவரும் தப்பவில்லை. மூன்றுக்கும் ஒரே மையின் நிறம்.

அப்போது பக்கத்தைத் திருப்பி அடுத்த வாரத்தைப் பாருங்கள். இறுதிச்சடங்கு, விசாரணைக்கு வந்த அதிகாரியின் வருகை, "இனிமேல் இந்த உயரத்துக்குக் கீழே இணைந்து பறக்கக் கூடாது" என்ற புதிய உத்தரவு என்று ஏதாவது இருக்கும். அந்த உத்தரவே சில வேளைகளில் விபத்தின் காரணத்தைச் சொல்லிவிடும்.

முழு விசாரணை அறிக்கை எங்கே கிடைக்கும்?

பிரிட்டிஷ் விமானப்படையின் போர்க்கால விசாரணை நடவடிக்கைகளில் பெரும்பகுதி பாதுகாக்கப்படவில்லை. விபத்து ஆய்வுப் பிரிவு நேரடியாக விசாரித்த குறைந்த எண்ணிக்கையிலான விபத்துகளின் அறிக்கைகள் 'ஏவியா 5' வரிசையில் இருக்கின்றன.

ஆனால் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. பிரிட்டிஷ் விமானங்களில் கனடியர்களும் ஆஸ்திரேலியர்களும் ஏராளமாகப் பறந்தார்கள். போரில் இறந்த கனடியர்களின் பணிக் கோப்புகள் கனடாவின் நூலக, ஆவணக்காப்பகத்தில் திறந்தே இருக்கின்றன. ஆஸ்திரேலிய தேசிய ஆவணக்காப்பகத்தின் 'ஏ705' வரிசை உயிரிழப்புக் கோப்புகளுக்கானது. பல கோப்புகளை இணையத்திலேயே பக்கம் பக்கமாகப் படிக்கலாம். லண்டனில் தொலைந்துபோன விசாரணையின் நகல், சாட்சிகளின் வாக்குமூலம், சிதைவுகள் கிடந்த இடத்தின் வரைபடம் ஆகியவை இந்தக் கோப்புகளில் தைக்கப்பட்டிருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆகவே இரண்டு விமானங்களிலும் இருந்த அத்தனை பேரின் பெயர்களையும் எழுதி வைத்துக்கொண்டு, யார் எந்த நாட்டுக்காரர் என்று பாருங்கள். உங்கள் தாத்தாவைப் பற்றிய விவரம், மோதிய மற்ற விமானத்தில் பின்பக்கத் துப்பாக்கியைப் பிடித்திருந்த ஒரு கனடியரின் கோப்பில் கிடைக்கலாம்.

அமெரிக்க விமானம் என்றால்?

விபத்து அமெரிக்க மண்ணில் நடந்ததா, கடல் கடந்து நடந்ததா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பணியில் விமானம் திரும்பவில்லை என்றால் 1943 முதல் 'காணாமற்போன விமானக்குழு அறிக்கை' ஒன்று 48 மணி நேரத்துக்குள் எழுதப்பட வேண்டும் என்பது விதி. இப்படி 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிக்கைகள் இருக்கின்றன. குழுவினரின் பெயர்கள், பக்கத்தில் பறந்தவர்களின் வாக்குமூலம், வரைபடம் இவற்றோடு என்ஜின்களின் எண்ணும் இயந்திரத் துப்பாக்கிகளின் எண்ணும்கூட அதில் பதிவாகியிருக்கும். எழுபது ஆண்டுகள் கழித்து மண்ணுக்குள்ளிருந்து ஒரு துருப்பிடித்த துப்பாக்கி வந்தால், அது மோதிய இரண்டு விமானங்களில் எதனுடையது என்பதை அந்த எண்ணைக் கொண்டுதான் தீர்மானிக்கிறார்கள்.

உள்நாட்டுப் பயிற்சி விபத்துகளுக்கு அந்த அறிக்கை கிடையாது. அவற்றுக்கு 'படிவம் 14' என்னும் விபத்து அறிக்கை உண்டு. போர் ஆண்டுகளில் அமெரிக்க மண்ணிலேயே ஏறத்தாழ 15 ஆயிரம் விமானப்படையினர் இப்படி இறந்திருக்கிறார்கள் என்பதால் இது சிறிய தொகுப்பு அல்ல. அலபாமாவில் மேக்ஸ்வெல் தளத்தில் உள்ள விமானப்படை வரலாற்று ஆய்வகத்தில் இவற்றின் நுண்படச் சுருள்கள் இருக்கின்றன. பிரிட்டிஷ் அட்டையோடு ஒப்பிட்டால் இது பெருவிருந்து. புகைப்படங்களும் சாட்சியங்களும் இருக்கும். பொறுப்பை விழுக்காட்டில் பங்கிட்டும் எழுதியிருப்பார்கள். மோதல் என்றால் பெரும்பாலும் விமானத்துக்கு ஒன்றாகத் தனித்தனி அறிக்கை இருக்கும். கேட்கும்போது இரண்டு விமானிகளின் பெயர்களையும் கொடுங்கள்.

அமெரிக்கரின் பணிக் கோப்பு கேட்டால் "தீயில் அழிந்தது" என்று பதில் வருகிறது. உண்மையா, தட்டிக்கழிக்கிறார்களா?

உண்மைதான். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள பணியாளர் ஆவண மையத்தில் தீப்பிடித்தது. 1.6 கோடிக்கும் 1.8 கோடிக்கும் இடைப்பட்ட எண்ணிக்கையிலான கோப்புகள் எரிந்தன. 1912-க்கும் 1960-க்கும் இடையே பணிமுடித்த தரைப்படையினரின் கோப்புகளில் 80 விழுக்காடு அதில் போயின. போர்க்காலத்து விமானப்படை அப்போது தரைப்படையின் ஒரு பகுதி என்பதால் அதற்கும் இதே கதிதான். ஆனால் இறந்தவர்களுக்கென்று தனியே வைக்கப்பட்ட 'இறந்த பணியாளர் கோப்பு' (Individual Deceased Personnel File) வேறு, அது தப்பியது. அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

மோதியது ஜெர்மன் விமானத்தோடு. அந்தப் பக்கத்து ஆவணம் ஏதாவது உண்டா?

பெரும்பாலானவை போரின் இறுதியில் அழிக்கப்பட்டன. எஞ்சிய இழப்புப் பட்டியல்கள் ஃப்ரைபுர்க் நகரில் உள்ள ராணுவ ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. சேதத்தை அவர்கள் விழுக்காட்டில் குறிப்பார்கள். 100 என்றால் முற்றிலும் அழிந்தது. உங்கள் மோதலின் நாளுக்கும் இடத்துக்கும் பொருந்தும் 100-ஐத் தேடுங்கள்.

ஒரு கோப்பில் மதியம் 1.10, இன்னொன்றில் 3.10. எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். 1941 முதல் போர் முடியும்வரை பிரிட்டனில் கோடைக்காலத்தில் கடிகாரம் கிரீன்விச் நேரத்தைவிட இரண்டு மணி நேரமும் குளிர்காலத்தில் ஒரு மணி நேரமும் முன்னே ஓடியது. ஒரு பதிவேடு கிரீன்விச் நேரத்தில் எழுதியிருக்கும், கிராமத்துக் காவலர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எழுதியிருப்பார். முரண்பாடு மிகச் சரியாக ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரமாக இருந்தால் அது முரண்பாடே அல்ல. அமெரிக்காவிலும் 1942 பிப்ரவரியிலிருந்து 1945 செப்டம்பர்வரை ஆண்டு முழுவதும் 'போர் நேரம்' நடப்பில் இருந்தது.

நாளிலும் இதே சிக்கல். இரவுத் தாக்குதல்களை 30/31 மே என்று சாய்கோடு போட்டு எழுதுவார்கள். நள்ளிரவுக்குப் பிறகு மோதியிருந்தாலும் கல்லறையில் முந்தைய நாள் இருக்கும். ஒரே மோதலில் இறந்த இரண்டு குழுக்களுக்கு அடுத்தடுத்த நாட்கள் பொறிக்கப்பட்டிருப்பதும் உண்டு. எல்லாத் தேடலிலும் முன்னும் பின்னும் ஒரு நாள் சேர்த்துத் தேடுங்கள். எண்களால் மட்டும் எழுதிய தேதி என்றால் மாதம் முன்னா நாள் முன்னா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மோதலை முழுமையாக எடுத்துக்காட்ட முடியுமா?

பயிற்சிக்கு மிகவும் ஏற்றது ஆஸ்திரேலியாவின் புரொக்கில்ஸ்பி மோதல். அதிசயமான கதை, யாரும் அதில் இறக்கவில்லை, காகிதமும் ஏராளம்.

1940 செப்டம்பர் 29. நியூ சவுத் வேல்ஸில் ஃபாரஸ்ட் ஹில் பயிற்சிப் பள்ளியிலிருந்து இரண்டு ஆவ்ரோ ஆன்சன் விமானங்கள் கிளம்பின. 'என் 4876' என்ற தொடரெண் கொண்ட விமானத்தில் விமானி லெனார்ட் ஃபுல்லர், வயது 22. 'எல் 9162'-இல் ஜாக் ஹியூசன், வயது 19. இருவருடனும் வழி கணித்துச் சொல்லும் ஒவ்வொரு நேவிகேட்டர். புரொக்கில்ஸ்பி ஊருக்கு மேலே ஆயிரம் அடி உயரத்தில் திரும்பும்போது, தனக்குக் கீழே போன ஹியூசனின் விமானம் ஃபுல்லரின் கண்ணிலிருந்து மறைந்தது. காலை 10.45 மணிக்கு இரண்டும் மோதின. மோதி விலகவில்லை. கீழ் விமானத்தின் துப்பாக்கிக் கூண்டு மேல் விமானத்தின் இடது இறக்கையின் அடியில் செருகிக்கொள்ள, ஒன்றின் முதுகில் ஒன்று உட்கார்ந்துகொண்டது. மேல் விமானத்தின் என்ஜின்கள் இரண்டும் நின்றுவிட்டன. கீழ் விமானத்தின் என்ஜின்கள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

மேலே இருந்த ஃபுல்லர் தன் விமானத்தின் இறக்கைப் பலகைகளைக் கொண்டு, கீழ் விமானத்தின் என்ஜின் விசையில், இரண்டையும் சேர்த்து ஓட்ட முடிகிறது என்று கண்டுகொண்டார். முதுகில் காயம்பட்ட ஹியூசனும் நேவிகேட்டர்கள் இருவரும் பாராசூட்டில் குதித்தார்கள். ஃபுல்லர் எட்டுக் கிலோமீட்டர் பறந்து, ஒரு புல்வெளியில் அந்த இரட்டை விமானத்தை வயிற்றால் இறக்கினார். அது ஏறத்தாழ 200 கஜம் சறுக்கி நின்றது. விசாரிக்க வந்த அதிகாரியிடம், அவசரமாக இறங்கும்போது என்ன செய்யச் சொல்லிக்கொடுத்தீர்களோ அதையே செய்தேன், பண்ணைவீட்டுக்குப் பக்கத்தில், காற்றை எதிர்த்து இறங்கினேன், கட்டுப்பாடுகள்தான் கொஞ்சம் கனமாக இருந்தன என்று சொன்னாராம்.

இதில் கற்றுக்கொள்ள வேண்டியவை: 'என் 4876'-இன் தடத்தைப் பின்பற்றினால், அது பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் பறந்தது என்று தெரியும். 'எல் 9162'-ஐப் பின்பற்றினால், அது தரையில் பாடம் நடத்தும் கூடாக மாறியது என்று தெரியும். ஃபுல்லரின் தடமோ வேறெங்கோ போகிறது. அவருக்குச் சார்ஜென்ட் பதவி உயர்வு கிடைத்தது. அனுமதியில்லாமல் பத்திரிகைகளிடம் பேசியதற்காகப் பதினான்கு நாள் முகாமைவிட்டு வெளியே போகத் தடையும் ஏழு நாள் சம்பளப் பிடித்தமும் கிடைத்தன. பின்னர் மத்தியதரைக் கடல் பகுதியில் பறந்து பதக்கம் பெற்றார். 1944 மார்ச்சில் விக்டோரியாவின் சேல் ஊருக்கு அருகே சைக்கிளில் போகும்போது பஸ்ஸில் மோதி இறந்தார். மோதலில் பிழைத்தவரின் பெயரை இறந்தவர்கள் பட்டியலில் பார்த்ததும், விபத்தின் காயத்தால்தான் இறந்தார் என்று எழுதிவிடுவோர் உண்டு. இறந்த நாளைப் பாருங்கள்.

நேரில் பார்த்தவர்கள் சொன்னதை எவ்வளவு நம்பலாம்?

என்ன பார்த்தார்கள் என்பதை நம்பலாம். அதற்கு அவர்கள் தந்த பொருளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இதற்கு நல்ல சான்று 'ஸ்கேர்குரோ' என்னும் கதை. பிரிட்டிஷ் குண்டுவீச்சுக் குழுவினர் இரவு வானில் பெரும் நெருப்புப் பிழம்புகளைப் பார்த்தார்கள். தங்களைப் பயமுறுத்த, விமானம் வெடிப்பதுபோலத் தோன்றும் பொய்க் குண்டை ஜெர்மானியர் சுடுகிறார்கள் என்று நம்பினார்கள், பதிவும் செய்தார்கள். போருக்குப் பின் பார்த்தால் அப்படி ஒரு குண்டே இருந்ததில்லை. அவர்கள் பார்த்தது தங்கள் தோழர்களின் விமானங்கள் வெடிப்பதைத்தான். ஆகவே ஒரு பதிவேட்டில் "ஸ்கேர்குரோ கண்டோம்" என்று நேரமும் உயரமும் இருந்தால், அதே நேரத்தில் திரும்பாத விமானங்கள் எவை என்று பாருங்கள்.

தரையிலிருந்து பார்த்தவர்களுக்கு வேறொரு பழக்கம். சத்தம் கேட்டபிறகுதான் தலை நிமிரும். மோதலை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள், விழுவதைத்தான் பார்த்திருப்பார்கள். விழுவதைப் பார்த்தவர் மோதலையும் சேர்த்துச் சொல்வார். அது பொய் அல்ல, மனம் இட்டு நிரப்புவது.

இரவில் காணாமற்போன விமானம் மோதியதா, சுடப்பட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பல நேரம் முடியாது. 1942 மே 30/31 இரவு ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் கொலோன் நகரைத் தாக்கியபோது, எல்லா விமானங்களையும் நெருக்கமான ஒரே ஓட்டமாக அனுப்பும் முறை பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது. விளக்கில்லாமல் ஒரே பாதையில் அத்தனை பேர் போனால் மோதல் நேரும் என்பது திட்டமிட்டவர்களுக்கே தெரியும். தெரிந்தே ஏற்ற ஆபத்து அது.

சில தடயங்கள் உதவும். இரண்டு விமானங்களின் சிதைவுகளும் ஒன்றோடொன்று கலந்து ஒரே பகுதியில் கிடந்தால் மோதல் என்று ஐயப்படலாம். பிழைத்துச் சிறைப்பட்டவர் விடுதலைக்குப் பின் தந்த வாக்குமூலம் இருந்தால் அதைவிட மேல். போருக்குப் பின் பிரிட்டிஷ் விமானப்படையின் காணாமற்போனோர் தேடல் பிரிவு, 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் கதியை ஊர் ஊராகப் போய் விசாரித்தது. ஊர்த்தலைவரும் கல்லறை தோண்டியவரும் சொன்னவை அந்த அறிக்கைகளில் இருக்கும். அவை உயிரிழப்புக் கோப்புகளுக்குள் இருக்கின்றன.

விமானியின் தவறு என்று எழுதியிருக்கிறது. அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா?

அன்றைய அதிகாரி எழுதிய முடிவு என்ற அளவில் ஏற்றுக்கொள்ளுங்கள். இறந்தவர் வந்து மறுத்துப் பேசப்போவதில்லை என்பதும், விசாரணை இரண்டு மூன்று நாட்களில் முடிந்திருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். மேகத்துக்குள் அணிசேர்தல், பக்கத்துப் பக்கத்து விமானதளங்களின் சுற்றுப்பாதைகள் ஒன்றன்மீது ஒன்று விழுதல், இறக்கையும் என்ஜினும் மறைக்கும் குருட்டுப் பகுதி, முன்னால் போகும் விமானத்தின் காற்றுச்சுழல் என்று மோதலுக்கான காரணங்களில் பல, விமானி தன் இருக்கையில் உட்காருவதற்கு முன்பே தீர்மானமானவை.

ஜெர்மன் விமானி ஓஸ்வால்ட் போல்க்கே 1916 அக்டோபர் 28 அன்று இறந்ததும் மோதலில்தான். நாற்பது வெற்றிகள் கண்டவர். வான்சண்டைக்கு விதிகள் வகுத்தவர். பிரிட்டிஷ் விமானங்களைத் துரத்தும்போது தன் நண்பர் எர்வின் பூமேயின் விமானச் சக்கரம் அவருடைய மேல் இறக்கையில் உரசியது. யாருடைய தவறு என்று ஒரு பெட்டியில் குறியிட முடியுமா? இருவருமே ஒரே எதிரியின்மீது கண்ணாக இருந்தார்கள். பூமே பிழைத்து, அந்தக் குற்றவுணர்வோடு வாழ்ந்தார்.

பழைய பத்திரிகைகள் பயன்படுமா?

நாட்டைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவின் டுரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட் ஆகிய இணையத் தொகுப்புகள் இலவசம். போர்க்கால பிரிட்டனில் தணிக்கை இருந்ததால் ஊர்ப்பெயர் இல்லாமல் "கிழக்குப் பகுதியில் ஓரிடம்" என்றே செய்தி வரும். விபத்துச் செய்தியைத் தேடுவதைவிட, ஓரிரு வாரம் கழித்து இறந்தவரின் சொந்த ஊர்ப் பத்திரிகையில் வரும் இரங்கல் குறிப்பைத் தேடுங்கள். படமும் அங்கேதான் கிடைக்கும்.

விழுந்த இடத்தைத் தோண்டிப் பார்க்கலாமா?

பிரிட்டனில் உரிமம் இல்லாமல் கூடாது. 1986-ஆம் ஆண்டின் ராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டப்படி ராணுவ விமானம் விழுந்த எல்லா இடங்களும் தானாகவே பாதுகாப்புக்குள் வந்துவிடும். எந்த நாட்டு விமானமாக இருந்தாலும் பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். மனித எச்சம் இருக்கக்கூடும் என்றாலோ வெடிக்காத குண்டு இருக்கக்கூடும் என்றாலோ உரிமம் பொதுவாகக் கிடைக்காது. தோண்டாமல், நிலத்துக்காரரின் அனுமதியோடு நடந்து பார்க்கலாம். மோதலில் இரண்டு பள்ளங்கள் கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருக்கும். உடைந்த வால் மூன்றாவது ஓரிடத்தில் கிடந்திருக்கும். நினைவுக்கல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் விழுந்தது என்று முடிவுகட்டாதீர்கள். கல்லைச் சாலை ஓரத்தில், வண்டி நிறுத்த வசதியான இடத்தில்தான் வைப்பார்கள்.

எங்கள் குடும்பத்தவரின் கல்லறையில் வேறு விமானத்தவர்களின் பெயர்களும் இருக்கின்றன. தவறா?

தவறு இல்லை. பிரித்தறிய முடியாதபோது சேர்த்தே அடக்கம் செய்தார்கள். அமெரிக்கர்களுக்கு இப்படிப்பட்ட கூட்டுக் கல்லறைகள் மிசௌரியில் ஜெஃபர்சன் பேரக்ஸ் கல்லறைத்தோட்டத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. கல்லறையே கிடைக்காத காமன்வெல்த் விமானப்படையினர் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இங்கிலாந்தில் ரன்னிமீட் நினைவகத்தில் இருக்கின்றன.

மற்ற விமானியின் குடும்பத்தைத் தொடர்புகொள்ளலாமா?

கொள்ளலாம், ஆனால் முதல் கடிதத்திலேயே யார்மீது தவறு என்று எழுதாதீர்கள். "எதிரியோடு போரிட்டு மடிந்தார்" என்று மூன்று தலைமுறையாகச் சொல்லிவருகிற வீட்டுக்கு, பயிற்சியின்போது சொந்த நாட்டு விமானத்தோடு மோதினார் என்ற செய்தியே போதிய அதிர்ச்சி. உங்களிடம் என்னென்ன ஆவணங்கள் இருக்கின்றன என்று மட்டும் சொல்லிவிட்டு, பார்க்க விருப்பமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

போருக்குப் பிந்தைய மோதல்களுக்கும் இதே வழிதானா?

அடிப்படை அதேதான், காகிதம் அதிகம், பூட்டும் அதிகம். 1966 ஜனவரி 17 அன்று ஸ்பெயினின் பாலோமாரெஸ் ஊருக்கு மேலே, எரிபொருள் நிரப்பும்போது பி-52 குண்டுவீச்சு விமானமும் கேசி-135 விமானமும் மோதின. ஏழு பேர் இறந்தார்கள், நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் விழுந்தன. மூன்று நிலத்தில் கிடைத்தன. கடலில் விழுந்ததை எடுக்க ஏப்ரல்வரை ஆயிற்று. இதைப் பற்றிய ஆவணங்கள் பக்கம் பக்கமாக வெளிவந்திருக்கின்றன.

அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1958 பிப்ரவரி 5 அன்று, ஜார்ஜியாவின் சவானா நகருக்கு அருகே ஒரு பயிற்சியின்போது எஃப்-86 சண்டை விமானம் ஒரு பி-47 குண்டுவீச்சு விமானத்தின் மேல் மோதியது. சண்டை விமானி பாராசூட்டில் இறங்கிப் பிழைத்தார். பி-47-இன் விமானி, பத்திரமாகத் தரையிறங்குவதற்காக, சுமந்து வந்த ஹைட்ரஜன் குண்டை டைபி தீவுக்கு அருகே ஆழமில்லாத கடலில் விட்டுவிட்டு, ஹன்டர் தளத்தில் இறங்கினார். அந்தக் குண்டில் அணுவெடிப்புக்குத் தேவையான மையப்பகுதி (கேப்ஸ்யூல்) பொருத்தப்படவில்லை என்கிறது குண்டைப் பெற்றுக்கொண்டபோது எழுதிய ரசீது. 1966-இல் பாதுகாப்புத் துறையின் உயர் அதிகாரி ஒருவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவுக்கு எழுதிய கடிதமோ அதை முழுமையான ஆயுதம் என்கிறது. இரண்டுமே அரசாங்கக் காகிதம்தான். குண்டு இன்றுவரை கிடைக்கவில்லை.